கண் சிமிட்டலும் கதவு தொடுவதும்

சகோதரி, 10 வயதுப் பையன் ஒரு வருடமாகக் கண்ணைச் சிமிட்டுகிறான், தொண்டையைச் செருமுகிறான், இப்போது கதவு நிலையை இரண்டு கையாலும் தொட்டால்தான் உள்ளே வருகிறான், மாமியார் சேட்டை என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். சேட்டை இல்லை. என் மகளுக்கும் இதே கதைதான்.

சிமிட்டலும் செருமலும் டிக், அதாவது அடக்க முடியாமல் திடீர் திடீரென வரும் அசைவு அல்லது சத்தம் மாதிரி இருக்கின்றன. கதவு தொடுவது ஓசிடி பக்கம் சேரலாம், அதாவது ஒரே எண்ணமோ செயலோ விடாமல் திரும்பத் திரும்ப வரும் மனநலப் பிரச்சினை. இரண்டும் ஒரே பிள்ளைக்கு வருவது சகஜம். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்கிற மனநல டாக்டர்களின் கையேடு டிக்கோடு சேர்ந்த ஓசிடியைத் தனியாகவே குறிக்கிறது. அவன் அமைதியாக இருக்கும்போது, "தொடலைன்னா என்னப்பா ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். "அம்மாவுக்கு ஏதாவது ஆயிடும்" என்றால் பயம் உள்ளே இருக்கிறது. என் மகள் சொன்னது வேறு: "ஒண்ணும் ஆகாது, ஆனா இந்தக் கை மட்டும் பாக்கி இருக்கிற மாதிரி இருக்கு." டிக் உள்ள பிள்ளைகளிடம் இந்த 'சரியா வரல' உணர்வுதான் அதிகம்.

டாக்டரிடம் இரண்டையும் சொல்லுங்கள். நாங்கள் சிமிட்டலைச் சொல்லாமல் விட்டு ஆறு மாதம் வீணாக்கினோம். டிக் இருந்தால் ஓசிடிக்குத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரை மட்டும் போதாமல் போகலாம். தொடத் தோன்றும்போது தொடாமல் இருந்து பழக்கும் இஆர்பி பயிற்சி அப்போதும் கைகொடுக்கும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனி கிளினிக் இருக்கிறது.

அப்புறம், டிக் பெரும்பாலும் 10-12 வயதில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு குறையும். ஓசிடியை அப்படி நம்பி விட்டுவைக்காதீர்கள். மாமியாரையும் ஒருமுறை டாக்டரிடம் கூட்டிப் போங்கள், எங்கள் வீட்டில் அதுதான் பலித்தது.