வாழைத் தோட்டத்தில் மண்டும் கோரைக்கிழங்கை மருந்தாகப் பயன்படுத்தலாமா?

திருவையாற்றுப் பக்கம் படுகையில் வாழை போட்டிருக்கும் ஒருவர், தம் தோட்டத்தில் மண்டிக் கிடக்கும் கோரையின் கிழங்கும் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் முத்தக்காசும் ஒன்றுதானா, ஒன்றென்றால் தோண்டியெடுத்து வீட்டில் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறார். இரண்டும் ஒன்றேதான். ஆனாலும் அந்தத் தோட்டத்துக் கிழங்கை மருந்துக்கு எடுக்க வேண்டாம் என்பதே என் பதில்.

முதலில் செடியை அடையாளம் காண வேண்டும். டெல்டாவில் கோரை என்ற பெயரில் பல செடிகள் உண்டு. நடவு வயலில் தேங்கிய நீரில் வரும் ஊசிக்கோரைக்கும் வட்டக்கோரைக்கும் கிழங்கு கிடையாது. பாய் முடையும் உயரக் கோரையும் வேறு. மருந்துக்குரியது வரப்பிலும் படுகையிலும் கோடையில் காய்ந்து கிடக்கும் வயலிலும் வருகிற குட்டைக் கோரை. தண்டை இரு விரல்களுக்கு இடையே உருட்டினால் மூன்று பட்டை தெரியும். உச்சியில் செம்பழுப்பு நிறக் கதிர் இருக்கும். கையால் இழுத்தால் செடி மட்டும் அறுந்து வரும், கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும். களைக்கொட்டால் ஆழமாகக் கொத்திப் பார்த்தால், கம்பி போன்ற மெல்லிய வேர்த்தண்டில் கறுத்த கிழங்குகள் மணி கோத்ததுபோல் அடுத்தடுத்து இருப்பதைக் காணலாம். ஒன்றை நறுக்கினால் உள்ளே வெண்மையும் இலேசான சிவப்பும் தெரியும், கற்பூரம் கலந்த ஒரு மண்வாசனை எழும். இந்த வாசனை இல்லாத கிழங்கை மருந்தென்று எடுக்கக் கூடாது.

இதன் முதன்மையான பயன் வயிற்றுக்கும் காய்ச்சலுக்கும் ஆனது. பேதியைக் கட்டி, பசியைத் தூண்டி, செரிமானத்தைச் சீராக்கும் பொருள்களில் இதுவே சிறந்தது என்று பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை குறிப்பிடுகிறது. சித்த மருத்துவமும் இதை ஏறக்குறைய அதே வேலைக்குத்தான் பயன்படுத்துகிறது. எங்கள் வீட்டில் கோடையில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டால், அப்பாயி பச்சைக் கிழங்கை மேல்தோல் சுரண்டி, ஒரு துண்டு இஞ்சியோடு அம்மியில் தட்டித் தேனில் குழைத்து நாவில் தடவுவார். கூடவே நீராகாரமும் உப்புப் போட்ட கஞ்சியும் விடாமல் கொடுப்பார். இன்று யோசித்தால் குழந்தையைக் காத்ததில் அந்தக் கஞ்சிக்கும் பெரும் பங்கு உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. பால் சுரப்புக் குறைந்த தாய்மார்களுக்குப் பசுங்கிழங்கை அரைத்து மார்பில் பற்றுப் போடும் வழக்கமும் இருந்தது. நலுங்கு மாவில் வெட்டிவேர், பூலாங்கிழங்கு ஆகியவற்றோடு இதையும் சேர்ப்பார்கள்.

2012இல் டெங்கு பரவியபோது அரசே மக்களுக்கு வழங்கிய நிலவேம்புக் குடிநீரில் உள்ள 9 பொருள்களில் கோரைக்கிழங்கும் ஒன்று. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், பற்பாடகம், சுக்கு, மிளகு ஆகியவை மற்ற எட்டு. நம் மருத்துவ மரபில் இக்கிழங்கு பெரும்பாலும் இப்படிக் கூட்டு மருந்தாகவே வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கோரைக்கிழங்குப் பொடியை மட்டும் நாள்தோறும் தின்றால் எல்லா நோயும் தீரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளுக்கு மரபிலேயே ஆதாரம் இல்லை.

இனி, வாழைத் தோட்டத்துக் கிழங்கு ஏன் ஆகாது என்பதற்கு வருகிறேன். கோரைக் கிழங்கு ஒவ்வொன்றிலும் பல மொட்டுகள் உண்டு. கிழங்குகளைக் கோத்திருக்கும் வேர்த்தண்டாகிய கொடி அறுபடாத வரை நுனிக்கிழங்கு முளைத்து மற்றவற்றை உறங்க வைத்திருக்கும். ஏரோ மண்வெட்டியோ பட்டுக் கொடி அறுந்ததும் உறங்கிய கிழங்குகளும் தனித்தனியே முளைக்கத் தொடங்கும். வெட்ட வெட்டப் பெருகுவதால் அலுத்துப்போன விவசாயிகள் வாழையிலும் வரப்பிலும் கிளைபோசேட்டையும், கரும்பில் ஹாலோசல்பியூரானையும் தெளிக்கிறார்கள். இவ்வகைக் களைக்கொல்லிகள் இலையில் பட்டு உள்ளே இறங்கிக் கிழங்கு வரை செல்பவை. கிழங்கைத் தாக்குவதற்காகவே அவற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதாவது நாம் மருந்தென்று தோண்டும் பகுதியைக் குறிவைத்தே நஞ்சு அனுப்பப்படுகிறது. கழுவுவதாலும் வேகவைப்பதாலும் அது போய்விடும் என்று நம்ப முடியாது. தெளித்த நிலத்தில் உயிர் பிழைத்த கிழங்கு வெளிப்பார்வைக்குக் கொழுத்தே தெரியலாம். சாக்கடை கலக்கும் வாய்க்கால் ஓரத்தையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும். மண்ணிலுள்ள கன உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் தன்மை இச்செடிக்கு உண்டு.

களைக்கொல்லி படாத நிலம் என்று உறுதியாகத் தெரிந்தால், மேட்டூர் அணை திறப்பதற்கு முந்தைய கோடை உழவின்போது புரண்டு வரும் முற்றிய கிழங்குகளைப் பொறுக்குவது எளிது. மண் போகக் கழுவி, சாக்கில் போட்டுத் தேய்த்து நார்களை நீக்கி, மேல்தோலைச் சுரண்டி, நறுக்கி நிழலில் உலர்த்தினால் வாசனை கெடாது. பொடித்து வைப்பதைவிடத் துண்டாகவே வைத்து வேண்டும்போது இடிப்பது நல்லது.

கர்ப்பிணிகள் இதை உட்கொள்ள வேண்டாம்; மாதவிடாயைத் தூண்டும் மருந்தாகவும் மரபில் இது பயன்பட்டிருக்கிறது. கைக்குழந்தையின் பேதிக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலும் மருத்துவரும்தான் முதலில். காய்ச்சல் தணியாமல் நீடித்தால் கஷாயத்தோடு நின்றுவிடாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உங்கள் தேவை நிலவேம்புக் குடிநீர் மட்டுமென்றால் கிழங்கைத் தோண்டவே வேண்டியதில்லை. அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவில் கேட்டால் அளவையும் சொல்லித் தருவார்கள்.