கார் கேள்வி-பதில்: மெட்ராஸில் பிறந்த ஹெரால்டு

ஸ்டாண்டர்ட் மோட்டார் தயாரித்த கார்கள் பற்றி வாசகர்கள் கேட்டவை இந்த முறை.

1966 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இரண்டு கதவு வண்டி ஒன்று விலைக்கு வருகிறது. எஞ்சின் ஓடுகிறது, பெயின்ட் புதுசு. அம்பாசடர், ஃபியட் வாங்கிப் பழகிய எனக்கு இதில் எதைப் பார்ப்பதென்று தெரியவில்லை. – வாசகர், தஞ்சாவூர்

அந்த இரண்டு வண்டியிலும் பாடியேதான் பாரம் தாங்கும். ஹெரால்டுக்கு லாரி மாதிரி தனிச் சேசிஸ். அதன் மேல் பாடி துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பூட்டப்பட்டிருக்கிறது. அதனால் பெயின்ட்டைப் பார்த்து விலை பேசாதீர்கள், வண்டிக்கு அடியில் படுங்கள். நடுச்சட்டத்திலிருந்து இரு பக்கமும் நீளும் கைகள்தான் முதலில் இற்றுப்போகும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். 'டங்' என்று சத்தம் வந்தால் தகடு இருக்கிறது, 'பொத்' என்றால் புட்டியும் பெயின்ட்டும்தான் இருக்கிறது. அடுத்து டிக்கியின் தரை, பேட்டரி உட்காரும் தட்டு. ஆசிட் சிந்தி அந்தத் தட்டு அரித்திருப்பது சகஜம். பின்பக்கம் ஜாக் வைத்துத் தூக்கும்போது கதவு இடுக்கின் அளவு மாறுகிறதா என்றும் கவனியுங்கள். மாறினால் சேசிஸ் தளர்ந்துவிட்டது, விட்டுவிடுங்கள்.

எஞ்சினில் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான், ஆனால் அதை விடவே கூடாது. பானெட்டைத் திறந்து (முன்பக்கமாக மொத்தமாகக் கவிழும்) கிராங்க் புல்லியைப் பார்த்தபடி நீங்கள் நில்லுங்கள். எஞ்சின் நின்றிருக்க, உள்ளே ஒருவர் கிளட்சை மிதித்து விடட்டும். புல்லி முன்னும் பின்னும் அசைவது கண்ணுக்குத் தெரிந்தால் த்ரஸ்ட் வாஷர் (கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் தகடு) தேய்ந்திருக்கிறது. இருக்க வேண்டிய அசைவு 4 முதல் 8 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை, அதாவது 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர். அவ்வளவு சின்ன அசைவு பார்வைக்குப் பிடிபடாது, டயல் கேஜ் வைத்தால்தான் தெரியும். இந்த வாஷர் கடைசி மெயின் பேரிங்கில் இரண்டு அரைவட்டமாக உட்கார்ந்திருக்கிறது. ரொம்பத் தேய்ந்தால் நழுவி சம்ப்பில் (அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) விழும். அதன் பிறகு கிராங்க் நேராக பிளாக்கில் உரசும், பிளாக்கே போய்விடும். முன்கூட்டிக் கண்டுபிடித்தால் எஞ்சினை இறக்காமலே சம்ப்பையும் பின் மெயின் கேப்பையும் கழற்றி மாற்றிவிடலாம். எண்ணெய்க் காடி வெட்டிய முகம் கிராங்க் பக்கம் பார்க்க வேண்டும், திருப்பிப் போட்டால் மறுபடி அதே கதி. சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே நிற்பவர்களின் வண்டியில் இது சீக்கிரம் போகும். நியூட்ரலுக்கு வாருங்கள்.

வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பும்போது முன் சக்கரம் மடங்கி உள்ளே போய்விட்டது. மாதாமாதம் கிரீஸ் அடித்தும் இப்படி. 'இந்த வண்டிக்கே இது வியாதி' என்கிறார் மெக்கானிக். – வாசகர், கோயம்புத்தூர்

வியாதியைக் கொண்டுவந்ததே அந்த கிரீஸ்தான். முன் சஸ்பென்ஷனின் அடியில் ட்ரன்னியன் என்று ஒரு பித்தளை நிறப் பாகம் இருக்கிறது. அதற்குள் வெர்டிகல் லிங்கின் (முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு) எஃகு மரை இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. அங்கே போக வேண்டியது கிரீஸ் அல்ல, கியர் ஆயில்: EP 90. கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. நாளானால் இறுகி வழியை அடைக்கும். மேலே ரப்பர் சீல் வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் உள்ளே தங்கி எஃகைத் தின்னும். இந்த வண்டி 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் அளவுக்குச் சக்கரம் ஒடியக்கூடியது. முழு ஒடிப்பில்தான் துருப்பிடித்த மரையின் மேல் அதிக பாரம் விழுகிறது. அதனால் பெரும்பாலும் வாசலிலோ பார்க்கிங்கிலோதான் முறியும். அந்த வகையில் உயிர் தப்பியது.

இப்போது ஒரு பக்கம் முறிந்திருந்தாலும் இரண்டு பக்கமும் பிரியுங்கள். மண்ணெண்ணெயில் கழுவி, மரை முடிந்து தண்டு தொடங்கும் இடத்தை வெயிலில் வைத்துப் பாருங்கள். ஊசி குத்தியது போலப் புள்ளிப் பள்ளம் ஒன்று இருந்தாலும் அந்த லிங்க் குப்பைக்குத்தான். வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். இடது, வலது ட்ரன்னியன்களின் மரை எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டது. அடையாளம் போட்டு வையுங்கள். திரும்பப் பூட்டும்போது அடிவரை முறுக்கி, பிறகு இரு பக்கமும் முழு ஒடிப்பு கிடைக்கும் அளவுக்குத் தளர்த்துங்கள். அடியோடு இறுக்கி விட்டால் ஒரு பக்கம் திரும்பும்போது மரை முட்டும்.

அதன் பிறகு 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவையும், மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் எண்ணெய் விடுங்கள். ட்ரன்னியனில் உள்ள சின்ன பிளக்கைக் கழற்றி நிப்பிள் மாட்டி, EP 90 நிரப்பிய கிரீஸ் கன்னால் மேல் சீல் வழியே எண்ணெய் கசியும்வரை அடிக்க வேண்டும். கன்னில் எண்ணெய் ஒழுகத்தான் செய்யும், கீழே பழைய செய்தித்தாள் விரித்துக்கொள்ளுங்கள். இந்தக் கன்னுக்கென்றே தனி நிறம் அடித்து வைப்பது நல்லது. இல்லையென்றால் பட்டறைப் பையன் மறுபடி கிரீஸ் நிரப்பிவிடுவான்.

பின் சக்கரங்கள் அடியில் விரிந்து நிற்கின்றன. ஒரு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டால் நிமிருமா? – வாசகர், நாமக்கல்

நிமிரும், ஆனால் ஆபத்தாக நிமிரும். ஹெரால்டின் பின்பக்கம் அச்சு ஒரே துண்டல்ல. டிஃபரன்ஷியல் சேசிஸில் நிலையாக நிற்க, இரு பக்கமும் அரை அச்சுகள் கிராஸில் (யுனிவர்சல் ஜாயின்ட்) ஆடும். மேலே குறுக்காக ஒரே பட்டைக் கட்டு. பட்டை கூடினால் வண்டி உயர்ந்து சக்கரங்கள் அடியில் உள்ளே ஒடுங்கும். அந்த நிலையில் வளைவில் வேகமாகப் போய் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் வெளிப்பக்கச் சக்கரம் இன்னும் மடங்கி, பின்பக்கம் வழுக்கிச் சுற்றிவிடும். டிரைவர் மட்டும் உட்கார்ந்திருக்கையில் சக்கரம் நேராகவோ மிகச் சிறிது அடியில் விரிந்தோ இருப்பதுதான் சரி. அதைவிட அதிகமாக விரிந்திருந்தால் பட்டை தளர்ந்திருக்கிறது: கழற்றி, பழைய வளைவுக்குக் கொண்டுவரத் தெரிந்த பட்டைக்காரரிடம் கொடுங்கள், எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். ஜாக்கிலிருந்து இறக்கியவுடன் அளக்கவும் வேண்டாம். சக்கரம் ஒடுங்கியபடியே நிற்கும். நாலடி உருட்டிவிட்டு அளங்கள்.

இந்தப் பின் அமைப்பு இங்கே வாங்குபவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஒத்துப்போகவில்லை. அதனால்தான் ஹெரால்டுக்குப் பின் 1972இல் வந்த ஸ்டாண்டர்ட் கேஸலில் அதே 948 சிசி எஞ்சினை வைத்துக்கொண்டு ஒரே துண்டு அச்சுக்கு மாறினார்கள். உங்களிடம் இருப்பது கேஸல் என்றால் பின் சக்கரம் பற்றி இங்கே சொன்னது எதுவும் பொருந்தாது.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு வெயிலில் நின்று நின்று போகிறது. கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். – வாசகர், திருச்சி

வண்டியோடு வந்த சோலெக்ஸ் கார்புரேட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். 20 சதவீத எத்தனால் என்றால் எரிவதற்குச் சுமார் 8 சதவீதம் கூடுதல் பெட்ரோல் தேவை. பழைய ஜெட் அதைத் தராது, கலவை மெலிந்து எஞ்சின் சூடேறுகிறது. மெயின் ஜெட்டில் பொறித்த எண் துளையின் அளவு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகச் சொன்னது. 105 இருந்தால் 110 போடுங்கள். பிளக் முனை வெளுப்பிலிருந்து வெளிர் பழுப்புக்கு வந்தால் சரி. பெட்ரோல் ஹோஸ்களையும் பம்ப் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். ஹோஸை இன்ஜெக்ஷன் வண்டிக்கான ரகத்தில் கேளுங்கள். இன்லெட்டும் எக்சாஸ்ட்டும் ஒரே பக்கம் என்பதால் பெட்ரோல் பைப் சூட்டுக்கு அருகே ஓடாதபடி பாருங்கள். மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் பைப்பைக் கழற்றி, கார்புரேட்டர் கிண்ணம் காலியாகும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். எத்தனால் ஈரம் இழுக்கும்.

ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க 2000த்தில் நின்றுபோனது. அதற்குப் பிறகு ஹெட்டில் வேலை பார்க்காத வண்டியில் எக்சாஸ்ட் வால்வு சீட் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே விடுவது) எஞ்சின் ஆறியபின் 10 தௌ இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் கெட்டிச் சீட் போட வேண்டிய நேரம்.

மாருதி எஞ்சின் மாற்றிவிட்டு விண்டேஜ் பதிவு வாங்க முடியுமா? – வாசகர், மதுரை

முடியாது. 2021இல் வந்த மத்திய விதிப்படி 50 வருடம் கடந்து, சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றமில்லாமல் அசலாக இருக்கும் வண்டிக்குத்தான் VA வரிசை எண். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் அந்தப் பதிவில் அன்றாடம் ஓட்ட முடியாது: கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, சர்வீசுக்கு என்று மட்டுமே. பழைய ஆர்.சி. உயிரோடு இருந்தால் அதையே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து ஓட்டுவது லாபம் என்பது எங்கள் கணிப்பு. எஞ்சின் மாற்றம் எதற்கானாலும் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும்.

உதிரி பாகம் எங்கே கிடைக்கும்? – வாசகர், வேலூர்

இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் இது. அதே சேசிஸ் வழி வந்த ஸ்பிட்ஃபயர் கார்களுக்கு அங்கே ரசிகர்கள் ஏராளம், அதனால் ட்ரன்னியன், கிராஸ், த்ரஸ்ட் வாஷர் எல்லாம் புதிதாகவே விற்கிறார்கள். ஆர்டர் செய்யும்போது 948 சிசி என்று கட்டாயம் சொல்லுங்கள். 1147 சிசிக்கான பிஸ்டன் வந்து சேர்ந்தால் அலமாரியில்தான் வைக்கலாம். பிரேக் வீல் சிலிண்டர் ரப்பருக்கு இறக்குமதி தேவையில்லை. சிலிண்டர் துளை அளவை அளந்துகொண்டு உள்ளூர்க் கடையில் அதே அளவு கப் வாங்குங்கள். பேட்டரி மாற்றும்போது மட்டும் பாசிட்டிவா நெகட்டிவா, எது பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்று பழைய பேட்டரி இருக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். பழைய ஹெரால்டுகளில் பாசிட்டிவ் எர்த்தும் உண்டு.