பூட்ஸுக்குள் செருகிக்கொள்ள ஒரு சின்ன இரண்டாவது கத்தி: எதைப் பார்த்து வாங்குவது?

ஸ்வீடனின் வடக்கே பை சுமந்துகொண்டு பல நாள் நடக்கப் போகிறீர்கள். பெரிய கத்தி முதுகுப்பையில் இருக்கும். அது கைக்கு எட்டாத நேரத்துக்காக பூட்ஸுக்குள் ஒரு சின்னக் கத்தி செருகிக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்கள், எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இந்த நாட்டில்தான் வேலை பார்க்கிறேன், கோடை முடிகிற சமயம் மலைக்குப் போவது வழக்கம். அதனால் விரிவாகவே சொல்கிறேன். இரண்டாவது கத்தி கட்டாயம் வேண்டும். ஆனால் எந்தக் கத்தி என்று யோசிப்பதற்கு முன்னால், அது உடம்பில் எங்கே இருக்கப் போகிறது என்பதை முடிவு செய்யுங்கள். பூட்ஸ் அதற்கு நல்ல இடம் இல்லை என்பது என் கருத்து.

பூட்ஸ் யோசனை ஏன் வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. பெல்ட்டில் கத்தி மாட்டினால் முதுகுப்பையின் இடுப்புப் பட்டை அதன்மேல் ஏறி அழுத்துகிறது. ஒரு மணி நேரம் நடந்தால் இடுப்பெலும்பு வலிக்கும். சரி என்று இடுப்புப் பட்டையிலேயே மாட்டினால், பை போகும் இடத்துக்குக் கத்தியும் போய்விடும். பேன்ட் பாக்கெட்டில் போட்டால் உட்காரும்போது குத்துகிறது. மிச்சம் இருப்பது கால்தான் என்று தோன்றும்.

ஆனால் இரண்டாவது கத்தி எப்போது தேவைப்படும்? பை உங்களிடம் இல்லாதபோது. அப்படிப்பட்ட நேரங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள், பெரும்பாலும் பூட்ஸும் காலில் இருக்காது. சாரெக் தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். 1909இல் அமைத்தது, ஐரோப்பாவின் முதல் தேசியப் பூங்காக்களில் ஒன்று. உள்ளே குறியிட்ட பாதை கிட்டத்தட்டக் கிடையாது, பாலங்களும் மிகக் குறைவு. பனியாறுகள் உருகி வரும் ஓடைகளை நாமே இறங்கிக் கடக்க வேண்டும். கடக்கும்போது எல்லோரும் செய்வது இதுதான்: பூட்ஸைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டு, ரப்பர் செருப்போ பழைய கேன்வாஸ் ஷூவோ மாட்டிக்கொள்வார்கள். அப்புறம் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிடுவார்கள். தண்ணீர் இழுத்தால் பையை உதறிவிட்டு ஆள் தப்பிக்க வேண்டும் என்பதற்காக. பை போனால் பெரிய கத்தி, பூட்ஸ், பூட்ஸுக்குள் இருந்த சின்னக் கத்தி மூன்றும் சேர்ந்தே போகும். எதற்காக வாங்கினீர்களோ அந்த நேரத்தில் அது உங்களோடு இல்லை.

இரவும் அப்படித்தான். கூடாரத்தில் பூட்ஸ் வெளித்திண்ணையில் கிடக்கும், நீங்கள் உள்ளே உறங்குபையில் இருப்பீர்கள். காற்றில் கூடாரக் கயிறு சிக்கி முறுக்கிக்கொண்டால் கத்தியைத் தேடிப் பூட்ஸுக்குள் கைவிட வேண்டும். மலைக் குடில்களிலும் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட வேண்டும்.

குளிர்காலத்தில் இங்கே உறைந்த ஏரிகளில் சறுக்கப் போகிறவர்கள் இதை நன்றாக யோசித்து வைத்திருக்கிறார்கள். பனி உடைந்து விழுந்தால் பிடித்து ஏறுவதற்கு, நுனியில் ஆணி வைத்த இரண்டு சின்னக் கைப்பிடிகளைக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். தொண்டைக்குக் கீழே, இரண்டு கையும் எட்டுகிற இடத்தில். பாக்கெட்டிலோ பையிலோ வைக்க மாட்டார்கள். உங்கள் கத்திக்கும் அந்த இடம்தான் சரி: நெஞ்சு.

பூட்ஸுக்குள் வைப்பதில் உடம்புக்கும் தொந்தரவு உண்டு. மலைநடை பூட்ஸ் கணுக்காலை இறுக்கிப் பிடிப்பதற்காகவே செய்தது. அந்த இறுக்கத்துக்கு நடுவே கட்டியான உறை ஒன்றைச் செருகினால் தோல் உரிந்து கொப்புளம் வரும். பல நாள் நடையில் கணுக்காலில் வரும் கொப்புளத்தைச் சின்ன விஷயமாக எண்ண வேண்டாம், பயணத்தையே நிறுத்திவிடும். வியர்வை உப்பும் ஈரமும் நாள் முழுக்கக் கத்தியைத் தின்னும். உறை தளர்ந்து கத்தி நழுவினால், பாறையில் தடுக்கி விழும் நேரத்தில் காலுக்குள் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் போடுகிறவர்கள், உதாரணமாக இலையுதிர் காலத்தில் மூஸ் என்ற பெரிய மான் வேட்டைக்கோ காளான் பறிக்கவோ போகிறவர்கள், மேல் விளிம்பில் வெளிப்பக்கமாகக் கிளிப் போட்டு மாட்டிக்கொண்டால் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த பூட்ஸ் தளர்வாக இருக்கும், கத்தி கண்ணுக்கும் தெரியும். ஸ்காட்லாந்துக்காரர்கள் கில்ட் உடையோடு காலுறையில் செருகும் ஸ்கீயன் டூ என்ற சின்னக் கத்தியும் இப்படித்தான், பிடி வெளியே தெரிகிற மாதிரி இருக்கும். அது இறுக்கமான பூட்ஸுக்குள் போவதில்லை.

இடம் முடிவாகிவிட்டது. இனி உறை. கடையில் எல்லோரும் கத்தியை உருவிப் பார்ப்பார்கள், பிளேடைத் தடவிப் பார்ப்பார்கள், உறையைக் கவனிக்க மாட்டார்கள். கழுத்தில் தலைகீழாகத் தொங்கப்போகிற கத்திக்கு உறைதான் பாதி விலை பெறும். கடினமான பிளாஸ்டிக் உறையாக இருக்கட்டும், செருகும்போது ‘டக்’ என்று பிடிக்க வேண்டும். தோல் உறை அழகுதான், ஆனால் நனைந்தால் ஊறித் தளர்ந்துவிடும். வாங்கும்போது தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறிப் பாருங்கள், வீட்டுக்கு வந்ததும் மாட்டிக்கொண்டு குதித்துப் பாருங்கள். பிறகு கனத்த கையுறையோடு ஒரே கையால் உருவ முடிகிறதா என்றும் பாருங்கள். உதறினால் விழாமல், ஒற்றைக் கைக்கு வருவதாக இருந்தால் அந்த உறை நல்லது. கழுத்துக் கயிறு விஷயத்தில் கவனம் தேவை. கனமான பாராசூட் கயிறு வேண்டாம். ஏதாவது கிளையில் மாட்டி இழுத்தால் கயிறு அறுந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் கழுத்தை நெரிக்கும். பலமாக இழுத்தால் தானே பிரிந்துகொள்ளும் பிளாஸ்டிக் கொக்கி வைத்த கயிறுகள் அடையாள அட்டைகளுக்கு வருகின்றன அல்லவா, அந்தக் கொக்கி போதும்.

கத்தியைப் பற்றி. அமெரிக்கக் கடைகளில் பூட் நைஃப் என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை இரண்டு பக்கமும் கூர் உள்ள குறுவாள்கள். அவை குத்துவதற்காகச் செய்தவை. மலையில் உங்களுக்குக் குத்துகிற வேலை எதுவும் இல்லை. கயிறு அறுப்பது, உணவுப் பொட்டலம் பிரிப்பது, கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி வெட்டுவது, தீ மூட்ட ஈரக் குச்சியின் தோலைச் சீவி உள்ளே இருக்கும் காய்ந்த மரத்தை எடுப்பது, இவ்வளவுதான். இந்தக் கடைசி வேலைக்குக் கட்டைவிரலால் கத்தி முதுகை அழுத்த வேண்டும். இருபுறக் கூர் கத்தியில் முதுகே கிடையாது, விரல்தான் அறுபடும். ஆகவே ஒருபக்கக் கூர் மட்டும். பிளேடு ஆறு ஏழு சென்டிமீட்டர் இருந்தால் தாராளம். 2 மில்லிமீட்டர் தடிமன் போதும். தடித்த பிளேடு உறுதியாகத் தெரியும், ஆனால் சீவும்போது மரத்தில் ஆப்பு மாதிரி சிக்கும்.

மடக்குக் கத்தியை இரண்டாவது கத்தியாக வைத்துக்கொள்ள நான் சொல்ல மாட்டேன். ஓபினெல் எனக்கு மிகவும் பிடித்த கத்தி, 1890 முதல் பிரான்ஸின் சவாய் மலைப்பகுதியில் செய்து வருகிறார்கள், சமையலறையில் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதன் மரப்பிடி நனைந்தால் உப்பிக்கொள்ளும், பிளேடு வெளியே வர அடம்பிடிக்கும். நகத்தால் நெம்பித் திறக்கும் கத்தி எதுவாக இருந்தாலும், ஆற்றில் நனைந்து விரல் மரத்துப்போன நேரத்தில் திறக்க வராது. நீங்கள் தயாராக வேண்டியது அந்த நேரத்துக்குத்தான்.

நான் கழுத்தில் மாட்டுவது மோரா நிறுவனத்தின் எல்ட்ரிஸ். தலார்னா மாநிலத்தில் மோரா ஊரில் 1891 முதல் கத்தி செய்கிறவர்கள். இதன் பிளேடு ஆறு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு, தடிமன் 2 மில்லிமீட்டர். உறை இரண்டு பக்கமாகவும் கத்தியை ஏற்கும், அதனால் இடக்கைக்காரர்களுக்கும் சிரமம் இல்லை. கழுத்துக் கயிறும், கத்தியை உறையோடு பூட்டும் பட்டையும், தீக்கோலும் சேர்ந்த தொகுப்பு தனியாகக் கிடைக்கிறது. அந்தப் பட்டையை வாங்குங்கள், ஆறு கடக்கும்போது மனசு நிம்மதியாக இருக்கும். கத்தியின் முதுகைச் செங்கோணமாக அரைத்திருக்கிறார்கள், தீக்கோலை அதில் உரசினாலே பொறி வரும். பிடி குட்டை என்பதுதான் குறை. பெரிய கைகளுக்கு மூன்று விரல்தான் அடங்கும்.

எஃகு பற்றி இணையத்தில் சண்டையே நடக்கிறது. ஈரத்திலும் வியர்வையிலும் இருக்கப்போகிற கத்திக்கு ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள், அதோடு அந்தப் பேச்சை முடித்துவிடலாம். கார்பன் எஃகு சாணை பிடிக்க இனிமையானது, ஆனால் தினமும் துடைத்து எண்ணெய் போட வேண்டும். கழுத்தில் கிடக்கும் கத்தியை யாரும் தினமும் துடைப்பதில்லை. எல்ட்ரிஸில் இருப்பது 12சி27 என்ற ஸ்வீடன் ஸ்டெயின்லெஸ் எஃகு. கூர் போனால் வாயின் அகலமான சரிவை அப்படியே கல்லில் படுக்கவைத்துத் தேய்த்தால் போதும், கோணம் பிடிக்கக் கஷ்டப்பட வேண்டாம். நிறம் சிவப்போ மஞ்சளோ எடுங்கள். பச்சைப் பிடிக் கத்தியை ஒருமுறை புளூபெர்ரிச் செடிகளுக்குள் கீழே வைத்துவிட்டால் அப்புறம் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

இனி சட்டம். இதைத் தவறவிடாதீர்கள். ஸ்வீடனில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி பொது இடங்களில், பள்ளி வளாகங்களில், பொது இடத்தில் நிற்கும் வாகனங்களில் கத்தி வைத்திருக்கத் தடை உண்டு. வேலைக்கோ வேறு நியாயமான காரணத்துக்கோ வைத்திருந்தால் விலக்கு. மலையில் கழுத்தில் தொங்கினால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். அதே கத்தியோடு ஸ்டாக்ஹோம் ரயில் நிலையத்தில் நிற்பது வேறு கதை. பூட்ஸுக்குள் மறைத்து வைத்திருந்தால் இன்னும் மோசம், மறைத்தது ஏன் என்ற கேள்விக்கு உங்களிடம் நல்ல பதில் இருக்காது. இரவு ரயிலில் வடக்கே போகும்போது பையின் அடியில், துணிகளுக்கு நடுவே வையுங்கள். நடக்கத் தொடங்கும் இடத்தில் எடுத்து மாட்டிக்கொள்ளலாம். விமானம் என்றால் சரக்கில் போடும் பெட்டியில் மட்டும். திரும்பும் வழியில் லண்டனில் உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் கத்தியைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். காரணம் இல்லாமல் வெளியே எடுத்துப் போக அங்கே அனுமதி இருப்பது, கூர்ப்பகுதி 3 அங்குலத்துக்கு மேல் போகாத, பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்திக்கு மட்டும்தான்.

கீழே கருத்தில் ஒருவர் இதையே நம் ஊரில் மேற்குத் தொடர்ச்சி மலையில் நடக்கும்போது மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். இந்திய ஆயுத விதிகள் கவலைப்படுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைப் பற்றி, அதிலும் வீட்டு வேலை, விவசாயம் போன்றவற்றுக்காகச் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. அதைப் படித்துவிட்டுப் பலர் சின்னக் கத்திக்குப் பிரச்சினை இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். சரணாலயத்துக்குள் நிலைமை வேறு. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதம் என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்தில் கத்தி என்ற பெயரே இருக்கிறது, அளவு எதுவும் சொல்லவில்லை. முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்று அதே சட்டத்தின் 31ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே முதுமலை, களக்காடு பக்கம் நடைப் பாதைக்கு அனுமதி வாங்கும்போதே வனத்துறை அலுவலகத்தில் கத்தியைக் காட்டி, கொண்டுபோகலாமா என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் அங்கேயே கொடுத்துவிட்டுப் போங்கள். கூட வரும் வழிகாட்டியிடம் அரிவாள் இருக்கும், வழியில் வெட்ட வேண்டியதை அவர் வெட்டிக்கொடுப்பார்.