மவுண்ட் சரியில்லை என்று காட்ட கோணல் படம் மட்டும் போதாது

கேள்வி: 500 மி.மீ. குவியத் தூரமுள்ள தொலைநோக்கி, கேமராவோடு சேர்த்து 6 கிலோ, நெபுலாக்களை 5 நிமிட எக்ஸ்போஷரில் எடுக்க வேண்டும், தூக்கிப் போக வசதியாக எந்த மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கி, வானத்தின் நகர்வோடு சேர்த்துத் திருப்பும் கருவி) சரிவரும் என்று விற்பனையாளரிடம் மின்னஞ்சலில் கேட்டேன். வளையும் பல்சக்கரத்தால் இயங்கி, சொன்ன இடத்துக்குத் தானே திரும்பும் ஒரு ஹார்மானிக் கியர் கோடூ மவுண்டைச் சொன்னார், வாங்கினேன். படத்தில் நட்சத்திரமெல்லாம் கோடாக விழுகிறது. கேட்டால், ஃபர்ம்வேரை (மவுண்டுக்குள் இருக்கும் மென்பொருளை) மாற்றிவிட்டீர்கள், வாரண்டி போய்விட்டது என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கைடிங் (இன்னொரு சின்ன கேமரா ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே மவுண்டின் பிசகைத் திருத்துவது) போட்டு எடுத்தீர்களா, போடாமல் எடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வழக்கே அதில்தான் இருக்கிறது. ஹார்மானிக் கியரில் எதிர் எடை வேண்டாம், சின்ன உடம்பில் பெரிய சுமை தாங்கும், அதற்கு விலையாக கியரின் ஒவ்வொரு சுற்றிலும் தொலைநோக்கியின் குறி பத்து இருபது ஆர்க் செகண்ட் (ஒரு ஆர்க் செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு) அப்படியும் இப்படியும் அலையும். 3.76 மைக்ரான் பிக்சல் உள்ள கேமராவை உங்கள் தொலைநோக்கியில் மாட்டினால் ஒரு பிக்சலுக்குச் சுமார் 1.55 ஆர்க் செகண்ட், ஆக 20 ஆர்க் செகண்ட் அலைந்தால் 13 பிக்சல் நீளக் கோடு. இது பழுதில்லை, அந்த கியரின் சுபாவம். கைடு கேமரா இல்லாமல் எடுத்த படத்தோடு போனால் எதிர்த் தரப்பு வக்கீல் முதல் கேள்வியிலேயே உங்களை உட்கார வைத்துவிடுவார்.

கைடிங் போட்டும் நட்சத்திரம் தாவுகிறது என்றால் கதை வேறு. அப்போது படத்தைவிட பிஎச்டி2 என்ற கைடிங் மென்பொருள் எழுதிவைக்கும் லாக் (பதிவு) கோப்புதான் உங்கள் முக்கிய சாட்சி. எந்த நேரத்தில், எந்த அச்சில், எவ்வளவு விலகியது என்று நொடிவாரியாக அதில் இருக்கும். போலார் அலைன்மென்ட் (மவுண்டின் அச்சை வான துருவத்துக்கு நேராக வைப்பது) சரியில்லை, காற்று அடித்தது என்று அவர்கள் சொல்லத்தான் செய்வார்கள், அதனால் வேறு வேறு இரவுகளில் எடுத்த லாக் வேண்டும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். இந்தியாவின் 1930 சரக்கு விற்பனைச் சட்டம், மலேசியாவின் 1957 சட்டம், இலங்கையின் 1896 கட்டளைச் சட்டம் எல்லாமே 1893 இங்கிலாந்துச் சட்டத்தின் பிள்ளைகள். எதற்காக வாங்குகிறேன் என்று விற்பவரிடம் சொல்லி, அவர் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குப் பொருந்த வேண்டும் என்பது எழுதாத நிபந்தனை. ஆனால் ஒரு பொறி உண்டு: மாடல் பெயரைச் சொல்லி அதையே கேட்டு வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. விற்பனையாளர் அதைத்தான் பிடிப்பார். அந்த வாதத்துக்கு மறுமொழி, பால்ட்ரி எதிர் மார்ஷல் என்ற நூறு வருடப் பழைய இங்கிலாந்து வழக்கு. சுற்றுலா போக வசதியான கார் வேண்டும் என்று ஒருவர் கேட்க, விற்பவர் புகாட்டியைக் கைகாட்டினார். கார் அதற்கு லாயக்கில்லை. பெயர் சொல்லித்தானே வாங்கினாய் என்ற வாதம் எடுபடவில்லை, விற்பவரை நம்பித்தான் வாங்கினார் என்றது நீதிமன்றம். இன்னும் அழகு, அந்த ஒப்பந்தத்தில் வாரண்டி எதுவும் கிடையாது என்றே எழுதியிருந்தது. பொருந்த வேண்டும் என்பது வாரண்டி (மீறினால் நஷ்டஈடு மட்டும்) அல்ல, நிபந்தனை (மீறினால் பொருளையே நிராகரிக்கலாம்), அதனால் அந்த வரியும் விற்பவரைக் காப்பாற்றவில்லை. உங்கள் விற்பனையாளரின் வாரண்டி பேச்சுக்கும் இதுவே பதில். தயாரிப்பாளரே வெளியிட்ட ஃபர்ம்வேரை ஏற்றியிருந்தால் அதைக் கைவைத்த குற்றம் என்பதும் எனக்கு நொண்டிச் சாக்காகத்தான் படுகிறது. ஆக, அந்த மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள்.

கைடிங் லாக் உங்கள் பக்கம் இருந்தால், பொருளை நிராகரிக்கிறேன், பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று லாக்கை இணைத்து உடனே எழுதுங்கள். நியாயமான காலம் தாண்டி வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், அப்புறம் நஷ்டஈடு மட்டும்தான் கேட்கலாம். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டியது உங்கள் கடமை இல்லை, நிராகரித்ததைத் தெரிவித்தால் போதும். நுகர்வோர் மன்றத்துக்குப் போவதாக இருந்தால் காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறும், உள்ளூர் வக்கீலிடம் கேளுங்கள்.

ஒன்று மட்டும். கடிதம் போன பிறகு வானம் தெளிவாக இருக்கிறதே என்று அந்த மவுண்டை வெளியே எடுத்து வைத்துவிடாதீர்கள், நிராகரித்த பொருளை நீங்களே உபயோகித்ததாகிவிடும்.