தாத்தாவோட கணக்குப்பிள்ளை மேசையை என்ன பண்றது?

கேள்வி: காரைக்குடி வீட்டை காலி பண்ணப்போ தாத்தாவோட சாய்வு மூடி வச்ச குட்டை மேசை எனக்கு வந்துச்சு, தேக்கு, பித்தளைப் பூட்டு. ஆசாரி இழைச்சு புதுசு மாதிரி வார்னிஷ் அடிச்சுத் தரேன்றார். பிளாட்ல எங்க வைக்கலாம்? (வாசகி, மதுரை)

பதில்: தயவுசெஞ்சு இழைக்க விடாதீங்க! உப்புத்தாள் போட்டா அந்த மேல் நிறமே போயிடும், அது பல வருஷம் கை பட்டுப் பட்டு வந்தது, திரும்ப வரவே வராது. செட்டிநாட்டு வீடுகளுக்கு பர்மா தேக்கு நிறைய வந்துச்சு, 1942ல ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிச்சதும் அந்த வியாபாரம் முடங்கிப்போச்சு, அதனால உங்களுது அந்த மரமா இருந்தா இன்னும் பத்திரமா பாத்துக்கணும். காஞ்ச துணியால துடைச்சு தேன்மெழுகு லேசா தேய்ங்க, போதும். பித்தளையை விளக்குறப்போ புளித்தண்ணி மரத்துல பட்டா கறை விழும், பாத்து பண்ணுங்க.

முதல்ல மூடியைத் திறந்து மூலையெல்லாம் பாருங்க. குண்டூசி ஓட்டை, பக்கத்துல புது மாவுத்தூள் இருந்தா பூச்சி இன்னும் உயிரோட இருக்கு, மருந்து அடிச்சுட்டு அப்புறம் உள்ள கொண்டு வாங்க.

இது தரையில உக்காந்து எழுதறதுக்கு செஞ்சது, அதனால ஹால்ல ஒரு பவானி ஜமக்காளம் விரிச்சு அதுமேல வைங்க, மேற்கு வெயில் அடிக்கிற ஜன்னல் பக்கம் மட்டும் வேணாம். காலு ஒட்டி உயரமாக்குறது எனக்குப் பிடிக்கல. சாய்வுல லேப்டாப் நிக்காது, ஆனா புக் வச்சுப் படிக்க அவ்ளோ சுகம், உள்ள வீட்டுப் பத்திரம், பழைய போட்டோ எல்லாம் வைக்கலாம்.