பாஸ்தாவில் இளவேனில் காய்கள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: கேரட், அஸ்பாரகஸ், பச்சைப் பட்டாணி மூன்றையும் ஒன்றாகப் போட்டு வதக்கினேன். பட்டாணி குழைந்துவிட்டது, கேரட் கடிக்கவே முடியவில்லை. எங்கே தப்பு?

ஒன்றாகப் போட்டதுதான் தப்பு. ஒவ்வொரு காய்க்கும் ஒரு பதம் உண்டு. பாஸ்தா வேகும் தண்ணீரிலேயே காய்களையும் வேகவிடுங்கள், ஆனால் ஆளுக்கொரு நேரத்தில் உள்ளே விடுங்கள். பாஸ்தாவை இறக்க நான்கு நிமிடம் இருக்கும்போது மெல்லிசாக நறுக்கிய கேரட், இரண்டு நிமிடம் இருக்கும்போது விரல் நீளத் துண்டுகளாக்கிய அஸ்பாரகஸ், கடைசி ஒரு நிமிடத்தில் பட்டாணி. கீரை இருந்தால் அடுப்பை அணைத்த பிறகு போட்டால் போதும், அந்தச் சூட்டிலேயே வதங்கிவிடும்.

அஸ்பாரகஸ் வெந்ததா என்று பார்க்க ஒரு துண்டை எடுத்துக் கத்தி முனையால் குத்துங்கள். முனை தடங்கலில்லாமல் இறங்க வேண்டும். அதே துண்டை நுனியில் பிடித்துத் தூக்கினால் தளர்ந்து தொங்கக் கூடாது. அப்புறம், அடித்தண்டு நாராக இருக்கும். கையால் வளைத்தால் முற்றலும் இளசும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் தானே முறியும். கீழ்ப்பகுதியை ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: தண்ணீரில் எவ்வளவு உப்பு போட வேண்டும்? எண்ணெய் விடலாமா?

100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. இத்தாலியர்களின் வழக்கமான கணக்கு இது. எண்ணெய் வேண்டாம். அது மேலே மிதக்குமே தவிர ஒட்டாமல் காக்காது. போட்டதும் ஒரு நிமிடம் நன்றாகக் கிளறிவிட்டாலே ஒட்டாது.

கேள்வி: பட்டாணியும் அஸ்பாரகஸும் மங்கிப்போய் ஆலிவ் நிறத்துக்கு மாறிவிடுகின்றன. எலுமிச்சை சேர்ப்பதாலா?

ஆமாம், சேர்க்கும் நேரத்தால். பச்சையத்தின் நடுவில் மெக்னீசியம் இருக்கிறது. புளிப்பும் நெடுநேரச் சூடும் அதை வெளியேற்றிவிடும், அப்போதுதான் அந்தப் பழுப்பு கலந்த பச்சை வருகிறது. அதனால் பாத்திரத்தை மூடாமல், நிறையத் தண்ணீரில், சீக்கிரமாக வேகவையுங்கள். எலுமிச்சைச் சாற்றைத் தட்டில் பரிமாறும்போது பிழியுங்கள். மேல்தோலைத் துருவிச் சேர்ப்பதானால் எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம், அதில் மணம்தான் இருக்கிறது, புளிப்பு இல்லை.

கேள்வி: கிரீம் இல்லாமல் சாஸ் வழவழப்பாக வருமா?

தாராளமாக வரும். எனக்கு கிரீம் இல்லாமல்தான் பிடிக்கும். இளசான காயின் இனிப்பைக் கிரீம் அமுக்கிவிடுகிறது. வடிப்பதற்கு முன் பாஸ்தா வெந்த தண்ணீரில் ஒரு கப் எடுத்து வையுங்கள். மாவுச்சத்து கரைந்து சற்றுக் கலங்கலாக இருக்கும் அந்தத் தண்ணீர்தான் எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிடித்து வைக்கிறது.

பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு ஒன்றரை நிமிடம் முன்னதாகவே பாஸ்தாவை எடுத்து, ஆலிவ் எண்ணெயில் பூண்டு வதக்கிய வாணலியில் காய்களோடு போடுங்கள். அரைக் கரண்டி தண்ணீர் விட்டுக் குலுக்குங்கள், வற்றினால் இன்னும் அரைக் கரண்டி. முதலில் அடியில் தண்ணீராக ஓடும். ஒரு நிமிடத்தில் சத்தம் மாறும், சலசலப்பு அடங்கிக் குமிழ்கள் கெட்டியாகும், பாஸ்தாவின் மேல் பளபளவென்று ஒரு பூச்சு படியும். அடுப்பை அணைக்க வேண்டிய நேரம் அதுதான்.

கேள்வி: சீஸ் திரிதிரியாக உருண்டுவிடுகிறதே?

சூடு அதிகம். அணைத்து அரை நிமிடம் ஆறவிட்டு, பொடியாகத் துருவிய பார்மெசானைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள்.

கேள்வி: உறையவைத்த பட்டாணி போடலாமா?

கூச்சப்படாமல் போடுங்கள். பறித்த நொடியிலிருந்தே பட்டாணியின் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கும். நாலு நாள் கிடந்த பச்சைப் பட்டாணியைவிட, பறித்த கையோடு உறையவைத்ததுதான் பெரும்பாலும் இனிக்கும். அதை வேகவைக்கக்கூட வேண்டாம், வாணலியில் கடைசி நிமிடத்தில் போட்டாலே சரி.

கேள்வி: ஃபாவா பீன்ஸ் (ஒரு வகை அவரை) கசக்கிறது.

உள்தோலையும் உரியுங்கள். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு, குளிர்ந்த நீருக்கு மாற்றி, நகத்தால் கீறி அழுத்தினால் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். விருந்துக்குச் சமைத்தால் ஒன்றை மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்: ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ளவர்கள் இந்தப் பீன்ஸைத் தொடவே கூடாது, இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். அப்படி ஒருவர் வருகிறார் என்றால் அன்றைக்குப் பட்டாணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.