நண்பகலில் நின்றுபோகும் சூரிய இன்வேட்டர்

நண்பகலில் நிற்கும் இன்வேட்டருக்கு ஸ்மார்ட் மீற்றர் பொருத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொழும்பு வெள்ளவத்தையில் உள்ள உங்கள் வீட்டின் இன்வேட்டர் (சூரியத் தகடுகளின் மின்னை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி) நல்ல வெயிலில் 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் மட்டும் நின்று நின்று இயங்குவதால், பழுது பெரும்பாலும் அதில் இல்லை. தெருக் கம்பியில் வோல்ற்றளவு எல்லை மீறுவதே வழக்கமான காரணம்; அப்போது இன்வேட்டர் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும்.

மின்மாற்றியிலிருந்து வீடுகளை நோக்கி மின்சாரம் ஒரே திசையில் செல்லும் என்று கருதி அமைக்கப்பட்ட கம்பி அது. பல கூரைகள் ஒரே வேளையில் எதிர்த்திசையில் மின்னைச் செலுத்தும்போது, மின்மாற்றிக்குத் தொலைவிலுள்ள வீடுகளில் வோல்ற்றளவு அதிகமாக உயரும். இலங்கையில் 230 வோல்ற்றுக்கு மேல் ஒரு குறிப்பிட்ட எல்லை வரையே அனுமதி உண்டு.

1. இன்வேட்டர் நிற்பதற்குச் சற்று முன் அதன் திரையில் தெரியும் வோல்ற்றளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. அதே வேளையில் மின்மானி அருகிலும் ஒரு மின்வினைஞரைக் கொண்டு அளந்து பாருங்கள். அங்கு பல வோல்ற் குறைவாக இருந்தால், குறை தெருவில் அல்ல, உங்கள் வீட்டின் மெல்லிய அல்லது நீண்ட கேபிளில்தான் இருக்கிறது.

இன்வேட்டரின் மேல் எல்லையை நீங்களாக உயர்த்த வேண்டாம். அது அயல்வீட்டுக் கருவிகளையும் காக்கும் பாதுகாப்பு. அளவீடுகளுடன் விநியோக நிறுவனத்துக்கு எழுதி, மின்மாற்றியின் டாப் நிலையையும் (அது வெளியிடும் வோல்ற்றளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு), தெருவின் மூன்று பேஸ்களுக்கிடையே (மின்சாரம் பிரிந்து வரும் மூன்று கம்பிகள்) உள்ள சமநிலையையும் பரிசோதிக்கக் கேளுங்கள். வோல்ற்றளவு அதிகம் உயராமல் தாங்கிப்பிடிக்கும் எதிர்வினைத் திறன் (reactive power) அமைப்பு உங்கள் இன்வேட்டரில் இருந்தால், அதை இயக்க அனுமதியும் கேளுங்கள். ஸ்மார்ட் மீற்றர் பொருத்துவதை விட இந்த ஒழுங்கே வீணாகும் சூரிய மின்சாரத்தை மீட்கும் என்பது என் உறுதியான கருத்து.